வான சாஸ்திரம் படித்தால் உத்தியோகம் உண்டா?

சென்ற சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வெயில் தணிந்து, போதமலையின் உச்சியில் மட்டும் மாலையொளி சற்றே எஞ்சியிருந்த வேளையில், இராசிபுரத்திலுள்ள எங்கள் வீட்டுக்கு ஒரு தந்தையும் மகளும் வந்தார்கள். தந்தை நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையொன்றில் வெல்டிங் வேலை செய்பவர். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ பரீட்சையை அப்போதுதான் எழுதி முடித்தவள். உபசார வார்த்தைகள் முடிந்து, கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, அவர் வந்த காரியத்தைச் சொன்னார்.

"சார், பாப்பா வான சாஸ்திரம் படிக்கோணுங்குது. எங்க வீட்டுல யாரும் காலேஜு வாசப்படி மிதிச்சதில்லீங்க. அதைப் படிச்சா உத்தியோகம் ஏதாச்சும் இருக்குதுங்களா? இல்ல, அது சோசியம் பாக்கற படிப்புத்தானுங்களா?"

கல்லூரியில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இயற்பியல் கற்பித்துவருகிற எனக்கு, அந்தக் கேள்விக்கு அந்த நிமிஷத்தில் கோவையாக ஒரு பதில் சொல்ல இயலவில்லை என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்ளுகிறேன். "உத்தியோகம் உண்டு, நல்ல படிப்புத்தான், தைரியமாகச் சேருங்கள்" என்று பொதுவாக இரண்டு வார்த்தை சொல்லி, அடுத்த ஞாயிறு மறுபடியும் வரும்படி கேட்டுக்கொண்டு அவர்களை அனுப்பிவைத்தேன். ஆனால் அன்று இரவு உறக்கம் வரவில்லை. கையில் இருப்பதையெல்லாம் ஒரு மகளின் எதிர்காலத்துக்கென்று வைக்கத் துணிந்து, வைக்குமுன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று வந்த மனிதருக்கு, முழுமையான பதில் தரவேண்டியது ஆசிரியனுடைய கடமையல்லவா? அவருக்கு அடுத்த வாரம் நான் சொன்ன பதிலையே, அவரைப்போல் மனத்தில் சந்தேகமுடைய மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று, இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் என் சொந்த விருத்தாந்தத்தைச் சிறிது சொல்லவேண்டும். 1986-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், நள்ளிரவு தாண்டிய நேரத்தில், என் தகப்பனார் என்னை எழுப்பி மொட்டைமாடிக்கு அழைத்துச்சென்று, தெற்கு வானத்தில் பிரித்துவைத்த பஞ்சுத் துணுக்குப்போல் தெரிந்த ஹாலி வால்நட்சத்திரத்தைக் காட்டினார். எழுபத்தாறு ஆண்டுக்கு ஒருமுறை வருகிற அந்த விருந்தாளியைப் பார்த்துக்கொண்டு நின்ற சிறுவனுக்கு, அதே ஆண்டு ஜனவரி 6-ஆம் தேதி, சேலத்திலிருந்து அரைநாள் பிரயாண தூரத்தில், ஜவ்வாது மலையின் காவலூரில், 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியைக் கொண்ட, நம்மவர்களே வடிவமைத்து உருவாக்கிய பெருந்தொலைநோக்கி ஒன்று திறந்துவைக்கப்பட்டிருந்தது என்பது தெரியாது. தெரிவிப்பாரும் இல்லை. பின்னர் கல்லூரியில் சேர்ந்து, வானியல் படிப்பதற்கு என்ன வழி என்று நான் கேட்டபோது, "அதெல்லாம் நம்மைப்போன்றவர்களுக்கு ஏற்பட்டதல்ல" என்று, நான் மிகவும் மதித்த ஒருவர் அன்போடுதான் சொன்னார். அவர் அறிந்தது அவ்வளவே. வழி இருந்தது என்பதும், அதன் வாசல் எனக்கும் திறந்தே இருந்தது என்பதும் எனக்குத் தெரியவந்தபோது, நான் குடும்பஸ்தனாகி, உத்தியோகத்தில் அமர்ந்து, பத்தாண்டு கழிந்திருந்தது. இந்தச் சமவெளியில் அறிவுக்குக் குறைவில்லை, உழைப்புக்குக் குறைவில்லை, தக்க சமயத்தில் ஒரு வார்த்தை சொல்லுவார் இல்லாமைதான் குறை என்று நான் உறுதியாக நம்புவதற்கு இதுவே காரணம்.

சோசியமா என்று அந்தத் தந்தை கேட்டதை அறியாமை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். அந்தக் கேள்விக்குள் ஒரு சரித்திரமே இருக்கிறது. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்த சிந்தாமணி ரகுநாதாசாரியார் என்பவர், சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-இல் அமைத்த வானாய்வகத்தில் பணியில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, 1867-இல் ரெட்டிகுலம் என்னும் தென்வான மண்டலத்தில் ஒளி கூடிக் குறைகிற நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1872-இல் லண்டன் ராயல் வானியல் சங்கத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தக் கௌரவத்தைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. அவர் பஞ்சாங்கத்தை விட்டுவிடவும் இல்லை; பழைய வாக்கியங்களை நம்பிக் கணிப்பதை விடுத்து, கிரகங்கள் மெய்யாகவே வானத்தில் எங்கே நிற்கின்றனவோ அதைக் கண்ணால் கண்டு கணிப்பதே முறை என்று வாதாடித் திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டார். கண்டதைக் கணக்கிடுவதும், கணக்கிட்டதை மறுபடி கண்டு சரிபார்ப்பதும் வான சாஸ்திரம். கிரக நிலையிலிருந்து மனிதனுடைய விதியைச் சொல்ல முற்படுவது சோதிடம். இரண்டும் ஒரே வீட்டில் பிறந்திருக்கலாம், ஆனால் வெகுகாலத்துக்கு முன்பே பாகம் பிரிந்துவிட்டன. பெண்ணுக்கு நான் சொன்னது, "அம்மா, நீ படிக்கப்போவது இயற்பியலும் கணிதமும், வானம் அவற்றுக்கு ஆய்வுக்கூடம்" என்பதுதான்.

அடுத்து, நாம் வாழுகிற நிலத்தின் ஒரு விசேஷத்தைச் சொல்லியாகவேண்டும். சேலமும் நாமக்கல்லும் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் இருக்கின்றன. வடக்கு நோக்கி நின்று, கையை நீட்டி, முஷ்டியை அடிவானத்தின்மேல் வைத்துப்பாருங்கள்; அந்த முஷ்டியின் மேல்விளிம்புக்கு அருகிலேதான் துருவ நட்சத்திரம் நிற்கும். வடக்கே அவ்வளவு தாழ்ந்து நிற்கிறதென்றால், தெற்கே அதற்கு ஈடாகப் பெரும்பரப்பு நமக்குத் திறந்திருக்கிறது என்று பொருள். லண்டன் மாநகரத்தில் இருப்பவன் ஆயுள் முழுதும் காத்திருந்தாலும் காணமுடியாத அகத்திய நட்சத்திரத்தை, தை மாதத்து முன்னிரவில் நம்முடைய சோளக்காட்டு வரப்பில் நின்றபடியே நாம் பார்க்கிறோம். பங்குனி, சித்திரை இரவுகளில் திரிசங்கு என்று பழையோர் வழங்கிய தென்சிலுவையும், அதற்கு மேலே ஒரு கோடி நட்சத்திரங்கள் திரண்ட ஒமேகா செண்டாரி என்னும் கொத்தும் தெற்கே எழுந்து நிற்கின்றன. ரகுநாதாசாரியார் கண்ட நட்சத்திரமும் ஐரோப்பாவிலிருந்து தெரியாத நட்சத்திரந்தான். வைணு பாப்பு என்னும் பெரியார், வானாய்வுக்கு ஏற்ற இடம் தேடி அலைந்து காவலூரைத் தேர்ந்தெடுத்ததற்கும், இங்கிருந்து தென்வானத்தின் பெரும்பகுதி தெரியும் என்பது முக்கியமான காரணம்.

1927-இல் சென்னையில் பிறந்த பாப்பு, ஹார்வர்டில் மாணவராக இருந்தபோதே 1949-இல் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டவர். விரும்பியிருந்தால் அந்நிய நாட்டிலேயே கீர்த்தியோடு வாழ்ந்திருக்கலாம். அவரோ தாய்நாட்டுக்குத் திரும்பி, 1960-இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் பொறுப்பை ஏற்று, 1968-இல் காவலூர்க் காட்டில் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு வேலையைத் தொடங்கினார். 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி அங்கே வந்து சேர்ந்தது. 1977 மார்ச் 10-ஆம் தேதி இரவு, யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் தருணத்தைக் கவனித்துக்கொண்டிருந்தபோது, மறைவதற்கு முன்னும் பின்னும் அந்த நட்சத்திரத்தின் ஒளி விட்டுவிட்டு மங்கியது. அந்தக் கிரகத்துக்கும் வளையங்கள் உண்டு என்பதற்கு அதுவே சாட்சி. அன்றிரவு உலகில் வேறு சில இடங்களில் இதைக் கண்டவர்களோடு காவலூரும் கண்டது. 1988-இல் அங்கிருந்து கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோள் ஒன்றுக்கு நம் ஈரோட்டில் பிறந்த கணித மேதை ராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. பெருந்தொலைநோக்கி திறக்கப்படுவதைக் காணாமலே 1982-இல் பாப்பு காலமாகிவிட்டார். இன்று அந்த ஆய்வகம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

சேலம் ஜங்ஷனில் ரயிலேறி, பொம்மிடி, மொரப்பூர், சாமல்பட்டி கடந்து திருப்பத்தூரில் இறங்கி, ஆலங்காயம் வழியாகப் பஸ்ஸில் போனால் காவலூர். சனிக்கிழமைகளில் பொதுமக்கள் சென்று பார்க்க அனுமதி வழங்குவது அங்கே வழக்கம். புறப்படுமுன் விசாரித்துக்கொண்டு செல்லுவது நலம். மகளுக்கு எந்தக் கல்லூரி என்று தேடுவதற்கு முன் ஒருநாள் அவளை அங்கே அழைத்துப்போங்கள் என்று தந்தையைக் கேட்டுக்கொண்டேன். தொலைநோக்கியின் கண்ணருகே கண்ணை வைத்துச் சனிக்கிரகத்தின் வளையத்தை ஒருமுறை பார்த்துவிட்டவர்களுக்கு, அந்தப் படிப்பு தங்களுக்கு உரியதா இல்லையா என்பதை வேறு ஒருவர் சொல்லத் தேவையில்லை.

வானம் நமக்கு எவ்வளவு சமீபம் என்பதற்கு இதைக்காட்டிலும் கையில் எடுத்துக் காட்டக்கூடிய அத்தாட்சி ஒன்று நாமக்கல் மாவட்டத்திலேயே இருக்கிறது. சித்தம்பூண்டி, குன்னமலை என்னும் கிராமங்களில் வெண்சாம்பல் நிறமான, ஆங்காங்கே கரும்புள்ளி தெறித்த பாறைகள் கிடக்கின்றன. அனார்த்தோசைட் என்பது அதன் பெயர். ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுள்ளது. சந்திரனின் மேட்டு நிலங்கள் இதே வகைப் பாறையால் ஆனவை. ஆகவே, சந்திரயான் கலம் சந்திரனில் இறங்கும்போதும் அதன் ஊர்தி ஓடும்போதும் மண் எப்படி நடந்துகொள்ளும் என்று பூமியிலேயே சோதித்துப்பார்க்க இஸ்ரோ விஞ்ஞானிகள் விரும்பியபோது, இந்தப் பாறையை எடுத்து, சேலத்துக் கிரஷர்களில் வேண்டிய அளவுக்குப் பொடித்து, செயற்கைச் சந்திர மண்ணாக ஆக்கிக்கொண்டார்கள். பெரியார் பல்கலைக்கழகத்துப் புவியமைப்பியல் துறையாரும் இந்தப் பணியில் துணைநின்றார்கள். 2023 ஆகஸ்ட் 23-ஆம் தேதி சந்திரயான்-3 பத்திரமாக இறங்கிற்று. அன்று மாலை நான் அந்தக் கல்லில் ஒரு துண்டை வகுப்பு மேஜைமேல் வைத்து, மாணவர்களை ஒவ்வொருவராகத் தொட்டுப்பார்க்கச் சொன்னேன். ஆடு மேய்க்கிறவர்கள் காலால் தள்ளிவிட்டுப் போகிற கல் அது. அந்தத் துண்டை அடுத்த ஞாயிறு வந்த பெண்ணின் கையிலும் கொடுத்தேன். அவள் அதை வெகுநேரம் கீழே வைக்கவில்லை.

இனி, படிக்கவேண்டிய மார்க்கத்தைச் சொல்லுகிறேன். வானியல் என்றே பெயரிட்ட இளநிலைப் பட்டம் நம் நாட்டில் மிக அரிது. அது இல்லையே என்று ஏங்கவும் வேண்டியதில்லை. பி.எஸ்ஸி. இயற்பியலே வாசல். பிளஸ் டூ முடித்தவுடனே தேசிய நிறுவனங்களில் நுழைய விரும்புகிறவர்களுக்கு, ஐசர் நிறுவனங்களின் ஐந்தாண்டுப் படிப்புக்கு ஒரு நுழைவுத்தேர்வும், புவனேசுவரத்து நைசர் நிறுவனத்துக்கு நெஸ்ட் என்னும் தேர்வும் இருக்கின்றன. திருவனந்தபுரத்தில் விண்வெளித்துறை 2007-இல் தொடங்கிய கல்வி நிறுவனத்தில் பொறியியலோடு வானியலும் கற்க வழியுண்டு. இவை கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்காவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. நாமக்கல்லில் கவிஞர் இராமலிங்கம் அரசு மகளிர் கல்லூரியிலும், இராசிபுரத்தில் திருவள்ளுவர் அரசு கலைக் கல்லூரியிலும், சேலம் அரசு கலைக் கல்லூரியிலும் சொற்பக் கட்டணத்தில் இயற்பியல் படிக்கலாம். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணாதலால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவளுக்கு வரும். பிளஸ் டூவில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்று அடிப்படை அறிவியல் படிக்கிறவர்களுக்கு, மத்திய அரசின் இன்ஸ்பயர் உபகாரச் சம்பளம் ஆண்டுக்கு 80,000 ரூபாய் வரை உண்டு. பணத்தை முன்னிட்டு இந்தப் படிப்பைக் கைவிடவேண்டிய அவசியம் இல்லை என்று தந்தையிடம் நான் துணிந்து சொன்னதற்கு இவையே ஆதாரம்.

பி.எஸ்ஸி. படிக்கும் மூன்றாண்டில் செய்யவேண்டிய காரியங்கள் நான்கு என்று அந்தப் பெண்ணின் நோட்டில் எழுதிக்கொடுத்தேன். முதலாவது, கணிதத்தைத் துணைப்பாடம் என்று அலட்சியம் செய்யாமல் முதற்பாடமாகவே கருதிப் படிப்பது. இரண்டாவது, பைத்தான் போன்ற ஒரு கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொள்வது. ஏனென்றால் இக்கால வானியலாளர் தொலைநோக்கியின் கீழே நிற்கும் நேரத்தைக்காட்டிலும் கம்ப்யூட்டரின் முன்னே இருக்கும் நேரமே அதிகம். மூன்றாவது, ஆங்கிலத்தில் ஒரு விஷயத்தைப் பிழையின்றி இரண்டு பக்கம் எழுதப் பழகுவது. நான்காவதுதான் நம் பக்கத்து மாணவர்கள் அறியாமலே விட்டுவிடுகிற காரியம்: கோடை விடுமுறையில் ஆராய்ச்சி நிறுவனங்களுக்குச் செல்லுவது.

இந்த நான்காவதை மட்டும் சற்று விரித்துச் சொல்லவேண்டும். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்துகிற கோடைக்கால ஆராய்ச்சி உதவித்திட்டத்தில், கல்லூரி மாணவர் ஒருவர் இரண்டு மாதம் பெரிய விஞ்ஞானி ஒருவரின் கீழ், உதவித்தொகையும் பெற்றுக்கொண்டு வேலை பழகலாம். ஜயந்த் நார்லிகர் முன்னின்று 1988-இல் புனேயில் தோற்றுவித்த ஐயூக்கா என்னும் மையம் இருப்பதே பல்கலைக்கழகங்களுக்கு உதவுவதற்காக. அங்கே கோடையில் வானியல் அறிமுகப் பள்ளியும், விடுமுறை மாணவர் திட்டமும் நடைபெறுகின்றன. அதன் பக்கத்திலேயே இருக்கிற தேசிய ரேடியோ வானியற்பியல் மையம் ஐயூக்காவோடு சேர்ந்து, குளிர்காலத்தில் கல்லூரி மாணவர்க்கென்று ரேடியோ வானியல் பள்ளி நடத்துகிறது. பெங்களூரில் இந்திய வானியற்பியல் நிறுவனமும், ராமன் ஆராய்ச்சி நிறுவனமும் மாணவர்களை ஏற்றுக்கொள்கின்றன. இந்த அறிவிப்புகள் பெரும்பாலும் கோடைக்குப் பல மாதம் முன்னதாகவே வந்துவிடும். சித்திரையில் விழித்துக்கொண்டால் பயனில்லை, ஐப்பசி முதலே அந்நிறுவனங்களின் இணையதளங்களைப் பார்த்துவரவேண்டும். விண்ணப்பத்தோடு ஆசிரியர் ஒருவரின் சிபாரிசுக் கடிதம் கேட்பார்கள். தயங்கி நிற்காமல் ஆசிரியரிடம் சென்று கேட்கவேண்டும். மாணவர் கேட்காததால் எழுதப்படாமற்போன கடிதங்கள் எத்தனையோ.

பி.எஸ்ஸி.க்குப் பின், ஜாம் என்னும் தேர்வெழுதி ஐ.ஐ.டி. முதலிய இடங்களில் எம்.எஸ்ஸி. படிக்கலாம், செப்டம்பரில் விண்ணப்பம், பிப்ரவரியில் பரீட்சை. இந்தூர் ஐ.ஐ.டி.யில் வானியலுக்கென்றே எம்.எஸ்ஸி. இருக்கிறது. பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனம், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து எம்.எஸ்ஸி.யும் ஆராய்ச்சிப் பட்டமும் சேர்ந்த படிப்பு நடத்துகிறது. பெரியார் பல்கலைக்கழகத்திலோ, அருகிலுள்ள கல்லூரியிலோ எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்தவருக்கும் ஆராய்ச்சியின் கதவு அதே அளவில்தான் திறந்திருக்கிறது. ஜெஸ்ட், கேட், நெட் என்னும் தேர்வுகளில் ஒன்றில் நன்றாகத் தேறி, நேர்முகத்தில் வென்றால், பி.எச்டி. மாணவராகச் சேரும் நாள் முதலே, முதல் இரண்டாண்டு மாதம் 37,000 ரூபாயும், பின்னர் 42,000 ரூபாயும் உபகாரச் சம்பளம் கிடைக்கிறது. இதைக் கேட்டபோது தந்தையின் முகத்தில் ஒரு தெளிவு உண்டாயிற்று. "படிக்கறதுக்கே சம்பளங்களா?" என்று இரண்டு முறை கேட்டார். ஆமாம், ஆராய்ச்சி என்பது ஒரு தொழில். அதற்குக் கூலி உண்டு. பாலக்காட்டு விக்டோரியா கல்லூரியில் படித்த அன்னபூரணி சுப்பிரமணியம் அம்மையார், பெங்களூரில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்து, அதே இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்கு 2019-இல் இயக்குநராகவே ஆனார். பாலக்காடு நமக்கு அந்நிய தேசமல்ல.

ஆனால் நன்மையை மட்டும் சொல்லி விட்டுவிடுவது தர்மமாகாது. வானியல் ஆராய்ச்சியாளர் என்னும் நிலையான பதவிகள் நம் நாட்டில் மிகக் குறைவு. பி.எஸ்ஸி.யிலிருந்து கணக்கிட்டால் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பத்தாண்டுக்குக் குறையாமல் ஆகும். அதற்கப்பாலும் ஜெர்மனியிலோ சிலியிலோ அமெரிக்காவிலோ இரண்டொரு தற்காலிகப் பதவிகளில் நாலைந்து ஆண்டு கழிக்கவேண்டி வரலாம். அதன் பிறகே நிலைத்த உத்தியோகம். அதுவும் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. பெண் பிள்ளைகள் விஷயத்தில், இந்த ஆண்டுகளில்தான் கல்யாணப் பேச்சும் வந்து நிற்கும். "முப்பது வயது வரை அவளை அவசரப்படுத்தாமல் இருக்க உங்களால் இயலுமா?" என்று நான் நேராகவே கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. சற்று நேரம் மகளைப் பார்த்தார். பிறகு, "அது படிக்கட்டுங்க" என்றார். அந்த இரண்டு சொல்லின் விலை எனக்குத் தெரியும்.

நிலைத்த ஆராய்ச்சிப் பதவி கிட்டாதவர்களின் படிப்பு வீணாகிவிடுமோ என்றால், ஒருநாளும் ஆகாது. கோடிக்கணக்கான அளவுகளிலிருந்து பொய்யை நீக்கி மெய்யைப் பிரித்தெடுக்கப் பழகிய கைக்கு, தரவு அறிவியலிலும், செயற்கைக்கோள் படங்களை ஆராயும் தொழிலிலும், வானிலைக் கணிப்பிலும், மருத்துவப் படிமத்துறையிலும் தேவை இருக்கிறது. இஸ்ரோவின் வேலைகளில் இயற்பியலாருக்கும் பொறியியலாருக்கும் இடமுண்டு. 2015-இல் ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட் விண்கலத்தின் புறஊதாத் தொலைநோக்கியையும், 2023-இல் ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 கலத்தில் சூரியனை நோக்கும் முக்கியமான கருவியையும் முன்னின்று உருவாக்கியவர்கள் பெங்களூர் வானியற்பியல் நிறுவனத்தாரே. அந்த ஆதித்யாவின் திட்ட இயக்குநராக இருந்த நிகார் ஷாஜி அம்மையார் செங்கோட்டையைச் சேர்ந்தவர். கோளரங்கங்களுக்கும், பள்ளி கல்லூரிகளுக்கும், தமிழில் விஞ்ஞானம் எழுதுவதற்கும் வானியல் கற்றவர்கள் வேண்டும். மகாராஷ்டிரத்து ஹிங்கோலியில் ஈர்ப்பலைகளை உணரும் லைகோ-இந்தியா ஆய்வகத்துக்கு 2023-இல் மத்திய அரசின் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் எழும்புகிற மாபெரும் ரேடியோ தொலைநோக்கித் திட்டத்தில் இந்தியாவும் பங்காளி. இன்று பிளஸ் டூ முடிக்கிற பிள்ளை ஆராய்ச்சிக்குத் தயாராகும் காலத்தில், இவைகளுக்கெல்லாம் ஆட்கள் வேண்டியிருக்கும்.

படித்தவர்களுக்கு மட்டுமே வானத்தில் வேலை என்று நினைப்பதும் பிழை. இதை அந்தத் தந்தைக்கு விளக்க, நான் உதகமண்டலத்து ரேடியோ தொலைநோக்கியின் கதையைச் சொன்னேன். கோவிந்த் ஸ்வரூப் என்னும் மேதை, பூமி சுழலும் அச்சுக்கு இணையாகத் தொலைநோக்கியின் நெடுக்கை அமைக்கவேண்டும் என்று விரும்பினார். சமதரையில் அப்படி அமைப்பது கடினம். ஆகவே, அந்த இடத்தின் அட்சரேகை எத்தனை பாகையோ அத்தனை பாகையே வடக்குத் தெற்காகச் சரிந்திருக்கும் மலைச்சரிவு ஒன்றைத் தேடி, நீலகிரியில் 11 பாகைச் சரிவைக் கண்டுபிடித்து, அதன்மேலே 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமுமாக அதை நிறுவினார். 1970 முதல் இயங்கிவருகிறது. ஒரே ஒரு திசையில் மெதுவாகத் திருப்பிக்கொண்டே வந்தால், ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பின்தொடரலாம். முழுதும் இந்தியரே வடிவமைத்து, இந்தியப் பட்டறைகளிலே செய்தது. 24 இரும்புச் சட்டங்களின்மேல், அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிப்புள்ள 1,100 எவர்சில்வர் கம்பிகளை நீளவாட்டில் இழுத்துக் கட்டியதே அதன் முகம்.

இதுவரை மரியாதைக்காகவே கேட்டுக்கொண்டிருந்த மனிதர், இந்த இடத்தில் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். "அரைக் கிலோமீட்டருக்குக் கம்பி தொய்யாம இழுத்துக் கட்டியிருக்காங்களா? வெயிலுக்கு நீளுமேங்க, குளிருக்குச் சுருங்குமே?" என்று கேட்டார். அவர் கேட்டது பொறியியல் வகுப்பில் கேட்கவேண்டிய கேள்வி. வானாய்வகங்களிலே கண்ணாடிக்கு அலுமினியப் பூச்சிடுகிறவர்களும், கூண்டின் சக்கரங்களைப் பராமரிக்கிறவர்களும், நுண்ணிய பாகங்களைக் கடைந்து தருகிறவர்களும் உண்டு, ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்தவர்களுக்கும் அங்கே இடமுண்டு என்று சொன்னேன். நாமக்கல்லில் பாடி கட்டுகிற கைகளுக்கும், திருச்செங்கோட்டில் ரிக் லாரி செய்கிற கைகளுக்கும், அந்த வேலை அந்நியமானதன்று. மகள் அப்போதுதான் தன் தகப்பனாரைப் பெருமையோடு பார்த்தாள்.

இந்தப் பதிவைப் படிக்கும் மாணவர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. அஸ்ட்ரோசாட் எடுத்த அளவுகளும், புனேக்கு அருகிலுள்ள முப்பது தட்டுக்களைக் கொண்ட ரேடியோ தொலைநோக்கியின் பழைய அளவுகளும், உலகின் பெரிய விண்கலங்கள் சேகரித்தவையும் கேட்கிறவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. பரமத்தியில் ஒரு தென்னந்தோப்பு வீட்டில் இருக்கிற பிள்ளைக்கும், பாஸ்டன் நகரத்து மாணவருக்கும் அவை ஒன்றே. லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்து ஹான்லேயில் இருக்கிற இரண்டு மீட்டர் தொலைநோக்கியையே, பெங்களூருக்கு அருகே ஹொசக்கோட்டையில் அமர்ந்தபடி இயக்குகிறார்கள். தூரம் என்பது முன்போல் ஒரு தடையன்று.

பெற்றோர்களுக்கும் என் போன்ற ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சேலம், நாமக்கல் ஆகிய இந்த இரண்டு மாவட்டங்களும் ஆண்டுதோறும் டாக்டர்களையும் எஞ்சினீயர்களையும் ஆயிரக்கணக்கில் உண்டாக்குகின்றன, அது நன்றே. அவர்களுக்கு நடுவே, இரவில் மொட்டைமாடியில் படுத்துக்கொண்டு மேலே பார்த்துக் கேள்வி கேட்கிற பிள்ளை ஒன்று இருந்தால், "அது நமக்கு ஏற்பட்டதல்ல" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தெரியாவிட்டால், தெரிந்தவர்களிடம் அழைத்துப்போங்கள். அந்த ஒரு வார்த்தையை நான் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கேட்டேன், இன்றும் மறக்கவில்லை.

அந்தப் பெண் இப்போது நாமக்கல் மகளிர் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் முதலாண்டு படிக்கிறாள். சென்ற மாதத்தில் ஒரு சனிக்கிழமை, தகப்பனாரும் மகளும் காவலூருக்குப் போய்வந்தார்கள்.